எக்ஸ்ரேயில் வெட்டிய பொங்கல் பானை

மார்கழிக் கடைசியில் சங்கரசுப்புவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வேறு மாதங்களில் பிடிப்பதில்லை. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கிற வழக்கம் இருக்கிறவரை இந்த நோய் தீராது என்பது அவர் கருத்து. ஆதாரமும் உண்டு. என்றோ பஸ்ஸில் விழுந்து வாரியபோது திருநெல்வேலியில் எடுத்த எக்ஸ்ரே, காலண்டர் பக்கத்து ஆணியில் தொங்கியது. மனைவி பேச்சித்தாய் வெள்ளையடிப்பு என்று வாயெடுத்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏதாவது ஓர் எலும்பைத் தொட்டுக் காட்டுவார். அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏணியில் ஏறுவாள்.

இந்த வருஷம் கூடுதல் பாதுகாப்புக்கு இன்னொரு ஏற்பாடும் செய்தார். சனிக்கிழமை காலையிலேயே அறிவித்துவிட்டார்.

"ஏட்டி, இந்தத் தடவை பொங்கல் வாழ்த்தெல்லாம் நானே கையால செய்யப் போறேன். நாளைக்குப் பூரா அந்த வேலைதான். வேற எதுக்கும் கூப்பிடப்பிடாது."

"எப்படிச் செய்வியளாம்?"

"அட்டையில பானை மாதிரி வெட்டித் தாளுமேல வச்சு, சுத்தி மையை அடிக்கணும். பானையை எடுத்தா அந்த இடம் மட்டும் வெள்ளையா நிக்கும். அதுதான்ட்டி கலை!"

"செய்யுங்க. நல்லதுதான்."

அவருக்கு இங்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

ஞாயிறு காலை, பழைய சட்டைப்பெட்டி அட்டையில் வெட்டிய பானை ரெண்டாவது வாட்டி மை பட்டதும் நனைந்த அப்பளமாகத் தொங்கிவிட்டது.

"அட்டை மைய உறிஞ்சுதுல்லா," என்றாள் பேச்சித்தாய், அரிசி புடைத்தபடி. "ஈரம் ஏறாத தாளு நம்ம வீட்ல ஏது?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கலைவெறி கண்ணை மறைத்தது. ஆணியில் இருந்ததைக் கழற்றிக் கத்தரிக்கோலை வைத்தார். என்ன வழவழப்பு! இடுப்பெலும்பு பானையாயிற்று. முதுகெலும்பு கணுக்கணுவாக இருந்ததால் கரும்புக்கு ரொம்பப் பொருத்தம்.

பல் பிரஷ்ஷால் மையைத் தெறித்ததில் தாளைவிட அவர் மூக்கில்தான் அதிகம் விழுந்தது. பேச்சித்தாய், மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் பம்பைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். கீழே சாய்த்தால் பம்பு ஒழுகியது. நேராகப் பிடித்தால்தான் மை புகையாகச் சீராகப் பறந்தது. ஆகவே தாள்களை மைதா பசையால் முன்னறைச் சுவர் முழுக்க ஒட்டி, பானையையும் கரும்பையும் தாள் தாளாக அவற்றின்மேல் ஒற்றி வைத்து, எட்டி நின்று, குனிந்து, குத்தவைத்து, எழுந்து அடித்தார். சாப்பாடே மறந்துபோனது.

அடுத்த வீட்டு மீரா பீவி எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, அண்ணாச்சிக்கு இடுப்பு சொகமாயிட்டா?"

"நீயே பாத்துக்கோ, மீரா. உள்ள வந்து உக்காரு."

மூன்று மணி வாக்கில் தாள்களை உரித்தார். நீல மூட்டத்துக்கு நடுவே வெள்ளைப் பானை, இரண்டு பக்கமும் கரும்பு. லேசாக மருந்து வாடை. அவருக்கே கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை உருப்படியாகச் செய்திருந்தார்.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தார். தாள் இருந்த இடங்களில் மட்டும் சுவர் இருந்தது. மிச்சமெல்லாம் நீலம்.

"வாழ்த்து அம்சமா இருக்கு," என்றாள் பேச்சித்தாய். "வீட்டுக்கு நாலுபேரு வந்தா இந்தச் சுவரைப் பாத்துச் சிரிப்பாவ. நீங்க அடிச்ச நீலத்துமேல நீங்களே வெள்ளைய அடிச்சிருங்க."

"எனக்கு இடுப்பு..." கை தானாக ஆணிக்குப் போனது. ஆணிதான் இருந்தது.

"படத்தைக் காட்டுங்க, பாப்போம்."

காலடியில் கிடந்த எக்ஸ்ரே துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பானை தெளிவாகத் தெரிந்தது.

"காலையிலேருந்து பாக்கேன்," என்றாள் மீரா பீவி. "அண்ணாச்சி என்னமா வளையுதாவ!"

சங்கரசுப்பு சளைக்கவில்லை. இன்னும் ஒரு வழி இருந்தது.

"அதுக்கில்ல. சுண்ணாம்பு வாங்கி, ஒருநாள் பூரா ஊறவைக்கணும்லா? இன்னைக்கு முடியாதே."

பேச்சித்தாய் கொல்லையிலிருந்து வாளியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நேத்தே ஊறப் போட்டுட்டேன்."