ஏழு சதவீதம் குறைவு

"இருபத்தாறுதாம்மா காட்டுது. முப்பத்து மூணு இருந்தாத்தான் நிவாரணம். ஏழு சதவீதம் குறையுது."

சொன்னவர் யோகேஸ்வரன், பயிர்ச் சேதம் கணக்கெடுக்க இராமநாதபுரத்திலிருந்து வந்த அலுவலர். முழங்கால் வரை புது பூட்ஸ் போட்டிருந்தும், வயலோரம் சேறு படாமல் நின்று ஒரே ஒரு படம் எடுத்தார். சேதச் சதவீதத்தைக் கைப்பேசி ஆப்பே சொல்லிவிட்டது.

திருப்பாலைக்குடிப் பக்கம் நான்கு நாள் கொட்டிய மழையில் இருளம்மாளின் ஒரு மாத நெல்லுப் பயிர் அங்கங்கே அழுகிக் கிடந்தது. மிச்சத்தில் புழு ஏறியிருந்தது. நிவாரணம் வந்தால்தான் மறுவிதைப்பு. இல்லையென்றால் இந்த வருசம் வயல் தரிசுதான்.

"புழு தின்னதையும் சேருங்க சார்."

"இது மழைக் கணக்கு. புழுவுக்கு வேற ஆப்."

"மழையாலதான சார் புழுவே வந்துச்சு?"

"அதைப் புழுகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. மெஷின் பொய் சொல்லாதும்மா."

அனுப்பும் பொத்தானை அமுக்கினார். 'இணைப்பு இல்லை' என்றது. இடம் மாறினால் புதிதாகப் படம் எடுக்க வேண்டும். ஆப்பின் சட்டம் அப்படி.

"சிக்னல் எங்கம்மா கிடைக்கும்?"

இருளம்மாள் ஒரு நிமிடம் யோசித்தாள். "ஈசானி மூலையில எடுக்கும் சார். வரப்பைச் சுத்துனா நேரமாகும், குறுக்கால போங்க."

யோகேஸ்வரன் இறங்கினார். ஆள் கொஞ்சம் கனம். வைத்த அடிக்கெல்லாம் பயிர் சேற்றுக்குள் போனது.

"பாத்து சார், பூட்ஸு அழுக்காயிரும்!"

ஈசானி மூலையில் இருபத்தொன்பது. இணைப்பு இல்லை.

"அப்ப கன்னி மூலைதான் சார்."

கன்னி மூலையில் முப்பத்தொன்று. அங்கும் இல்லை.

"ஏறிக்கிட்டே போகுது பாருங்க. உள்ள வர வர எவ்வளவு துல்லியமாப் பாக்குது!" என்று பூரித்தார்.

பக்கத்து வயல்காரன் மலையாண்டி வரப்பில் உட்கார்ந்து, கைப்பேசியில் சத்தமாக வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வெட்டிப்பயல் என்று மனதுக்குள் திட்டிவிட்டு யோகேஸ்வரன் நடு வயலுக்கு நடந்தார்.

அங்கே முப்பத்திரண்டு. சிக்னலும் ஒரு கோடு எழுந்தது.

"வந்துருச்சும்மா!" விரலை நீட்டினார்.

"ஐயையோ சார், காலுக்கடியில பாம்பு!"

அரசாங்கப் பதவியை அப்படியே மறந்து யோகேஸ்வரன் வயலுக்குள் இரண்டு சுற்று ஓடினார். வழுக்கி விழுந்தார், உருண்டார், எழுந்து மறுபடி ஓடினார். கடைசியில் பார்த்தால், மழைத் தண்ணீரில் அடித்து வந்த அறுந்துபோன வலைக்கயிறு.

மூச்சு வாங்க மறுபடி ஒரு படம் எடுத்தார். முப்பத்தாறு. அமுக்கியதும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"முப்பத்தாறா?" தலையைச் சொறிந்தார்.

"மெஷின் பொய் சொல்லாதுல்ல சார்!" கண் கலங்கக் கும்பிட்டாள் இருளம்மாள்.

சேறு சொட்ட வரப்பேறியவரைப் பார்த்து மலையாண்டி வீடியோவை நிறுத்தினான்.

"இந்த வரப்பு பூரா நல்லாவே சிக்னல் எடுக்குது சார், ஆனா நாளைக்கு என் வயலுக்கு வரும்போது நீங்க உள்ள இறங்கியே தேடுங்க... எனக்கும் ஒரு ஏழு குறையும்போல!"