மானாவாரி மாப்பிள்ளை

பெண்ணைப் பெற்றவர் முன்னால் வாயைத் திறக்காமல் இருப்பதே மாப்பிள்ளைக்கு அழகு. நான் திறந்தேன்.

எண்ணூரில் பிறந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுபவன் நான். உடன் வேலை பார்த்த செல்விக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். "உங்கப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டேன். "மானாவாரி வெவசாயம்" என்றாள். எங்கள் பக்கம் மானாவாரியாகத் திட்டுவோம், மானாவாரியாகச் செலவழிப்போம்; கணக்கு வழக்கில்லாமல் என்று அர்த்தம். ஆக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம் என்று நினைத்துக்கொண்டேன். (விசாரித்திருக்கலாம். காதலித்தவன் எங்கே விசாரிப்பான்?)

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் விற்கப் போன தெருவெல்லாம் சொன்னாள். செல்வியின் அப்பா எங்களைப் பார்க்க வருகிறார் என்றதும் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையச் சாம்பல், மூடினால் புழுக்கம். பண்ணையாரை எங்கே உட்கார வைப்பது? பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கினோம். அவர் வேண்டாம் என்றால் செல்வி எனக்கு இல்லை. அந்தப் பயத்தில் காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

வந்தவர் ஒல்லியாக, வெயிலில் கறுத்து, மஞ்சள் பையில் உளுந்தோடு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். செல்வி அவர் பக்கத்தில் நின்றாள். பதற்றம் தாங்காமல் நான் ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு மானாவாரியா நெலம் கீதாமே மாமா. குந்திகினே சாப்பிடலாம்."

அவர் முகம் செத்துவிட்டது. "என்ன தம்பி, நக்கலா? மழை பேஞ்சாத்தான் அங்க வெள்ளாமை. பேயலேன்னா ஆட்டை வித்துச் சாப்பிடுதோம். இவ அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா. இவ அனுப்புறதுலதான் அடுப்பு எரியுது. நான் உக்காந்து திங்கேனா?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். செல்வி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அம்மா வாசலை மறித்தாள். "கோச்சிக்காதண்ணே. எங்க பாஷைல மானாவாரின்னா ஏகப்பட்டதுன்னு அர்த்தம். இவன் ஒரு மக்கு. உன்ன பெரிய பண்ணையாருன்னு நெனச்சி பயந்துகினு கீறான்."

அவர் நின்றார். சோபாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு.

"ஏகப்பட்டதா? அப்படின்னா சரிதான் தம்பி. கவலை மானாவாரியாக் கெடக்கு. இந்தா, ஒண்ண நீங்க வச்சுக்கிடுங்க" என்று மகளைக் காட்டினார்.

இன்றும் ஐப்பசியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, நான் ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் வரும். "மாப்ளே, அங்க மானாவாரியாப் பெய்யுதாமே. கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி விடுங்க."

முழங்கால் தண்ணீரில் நின்றபடி எல்லோரும் சிரிப்போம். பிறகு செல்வி, "அங்க ஒரு தூத்தலாவது உண்டாப்பா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்லும்வரை, அன்றைக்குப் போலவே பயத்தோடு, ஃபிரிட்ஜைப் பிடித்தபடி நிற்பேன்.