இடைவிலகியவர்கள் எல்லோரும் வகுப்பில் இருந்த நாள்

வற்றாப்பளை அம்மாள் துணை

மல்லாவி,
பங்குனி மாதம், மழை இருட்டிய ஒரு ஞாயிறு.

பெருமதிப்புக்குரிய அத்தான் வீரபாகு அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் தவராசா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் விமலேஸ்வரியும் சுகம். பசுவும் சுகம். என்னுடைய மோட்டார் சைக்கிள் மட்டும் காலையில் கொஞ்சம் இருமுகிறது. அங்கே வவுனியாவில் தாங்களும் அக்காவும் மருமகன் நிருஷனும் சுகம் என்பதையும், தங்கள் முழங்கால் மட்டும் சுகமில்லை என்பதையும் அக்கா தொலைபேசியில் விரிவாகச் சொன்னார். நிருஷன் உயர்தரப் பரீட்சையில் சறுக்கிவிட்டான், உன்னுடைய தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வகுப்புக்கு விடலாமா, போன வருடம் நிலையம் எப்படி நடந்தது, வளர்ச்சி ஏதும் உண்டா என்று தாங்கள் கேட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்த நேரம் அக்கா இடையில் புகுந்து கத்தரிக்காய் விலைக்குப் போய்விட்டார். ஆகவே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் நிலையத்தில் இருப்பது இரண்டு வகுப்புகள். ஒன்று பிரேமிளா ரீச்சரின் கணினி வகுப்பு, மற்றது முத்துலிங்கம் மாஸ்ரரின் மோட்டார் வகுப்பு. கணினி அறைக்குக் குளிரூட்டி பூட்டியிருக்கிறார்கள். இந்த வெயிலில் வெந்து சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளை அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனால் பிறகு வெளியே வருமா? சேர்ந்த அத்தனை பேரும் கடைசி நாள் வரை இருந்து சான்றிதழ் வாங்கினார்கள். வாங்கிய பிறகும் சிலர் போகவில்லை. தலைமையகத்தின் கண்ணுக்கு அதுதான் தங்கமான வகுப்பு. மோட்டார் வகுப்பில் தொடக்கத்தில் வருகிற கூட்டத்துக்குக் கதிரை போதாது. வருடம் முடிகிறபோது பார்த்தால் மாஸ்ரரும் ஒரு பழைய எஞ்சினும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாஸ்ரருக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள் அத்தான். தெரிந்ததுதான் கரைச்சல். ஊரில் எவனுடைய லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் படுத்தாலும், எந்தத் தோட்டத்துத் தண்ணி மெசின் மூச்சை விட்டாலும், அதை எங்கள் வாசலுக்கு இழுத்துக்கொண்டு வருவார்கள். மாஸ்ரர் பிள்ளைகளின் கையை அதற்குள் விடுவார். பாதி வருடம் போவதற்குள் பிள்ளைக்குத் தொழில் பிடிபட்டுவிடும். பிறகு ஏன் கதிரையில் இருக்கிறான்? தெருவோரம் ஒரு தறப்பாளைக் கட்டி, ‘கராஜ்’ என்று பலகை எழுதி, கீழே தொலைபேசி இலக்கத்தையும் போட்டுவிடுவான். பூநகரியிலிருந்து துணுக்காய் வரை எங்கே எஞ்சின் சத்தம் கேட்டாலும், அங்கே எங்கள் வகுப்பில் பாதியில் விட்ட ஒரு பிள்ளை கிறீஸ் கையோடு நிற்கும். தலைமையகம் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் இடைவிலகியோர். படிக்காமல் ஓடியவர்கள் என்று அர்த்தம்.

தை பிறந்ததும் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. மதிப்பாய்வுக்கு அதிகாரி நேரில் வருவார், பதிவு செய்தவர்களில் பாதிப் பேராவது வகுப்பில் இல்லாவிட்டால் அந்தப் பயிற்சி மூடப்படும், உபகரணங்களை லொறியில் வேறு மாவட்டத்துக்கு ஏற்றுவோம் என்று. அந்த வகுப்பும் போனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாங்குளச் சந்தியில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் தொழில். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாஸ்ரரைக் கூப்பிட்டேன்.

“மாஸ்ரர், கொஞ்சம் மெதுவாப் படிப்பிச்சா என்ன?”

“அதுக்கென்ன சேர், நாளைக்கே பலகையில கீறிப் படிப்பிக்கிறன்” என்றார் அந்த நல்ல மனிதர்.

சொன்னபடி அடுத்த நாள் காலை முழுக்க நின்று ஒரு எஞ்சினைக் கரும்பலகையில் கீறினார். அழகென்றால் அப்படியொரு அழகு. கீறி முடித்துத் திரும்பிப் பார்க்க, மிச்சமிருந்த பிள்ளைகளும் வகுப்பில் இல்லை. வீதியில் நின்றுபோன தனியார் பஸ்ஸுக்குக் கீழே அவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்த பஸ் முதலாளி அன்றைக்கே இரண்டு பேரைச் சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேறு வழியில்லாமல்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரேயொரு நாளைக்கு இடைவிலகிய எல்லோரையும் வகுப்பில் கொண்டுவந்து இருத்துவது. என் இருமல் வண்டியில் கராஜ் கராஜாகப் போனேன். மல்லாவி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சுஜிதன், “மாஸ்ரரின்ர வகுப்பை மூட விடுவமே சேர்? வாறன்” என்றான். துணுக்காயில் வினோஜா, மோட்டார் வகுப்புக்கு வந்த ஒரே பெண்பிள்ளை, ஒரு ஸ்கூட்டிக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டி, “வாறன் சேர். ஆனா என்ர பழைய வகுப்பு ஓவரோலைத் தம்பி போட்டுக் கிழிச்சிட்டான்” என்றாள். பூநகரியில் இருக்கிறவன்கூட முதல் பஸ்ஸுக்கு ஏறுவதாகச் சொன்னான். ஒருவர்கூட மறுக்கவில்லை. திரும்பி வரும் வழியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது அத்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளையா ஓடியவர்கள் என்கிறார்கள் என்று கோபமும் வந்தது.

ஆனால் பாருங்கள், அதிபுத்திசாலி நான் ஒன்றை மறந்துவிட்டேன். அது மாசி மாதம், காலபோக நெல் அறுவடை. இந்தப் பகுதியில் எஞ்சின் தெரிந்த அத்தனை பேரையும் பிடித்து ஒரு அறைக்குள் பூட்டினால் வெளியே என்ன நடக்கும்?

அன்றைக்குக் காலை வகுப்பு நிறைந்திருந்தது. சிலருக்கு ஓவரோல் வயிற்றில் பூட்டுப்படவில்லை, தொழில் நன்றாக நடக்கிறது. அதிகாரி நிசாந்தினி அம்மையாரை வாசலில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேண்டிய நேரம் கழிந்தது, வரவில்லை. அப்போது வகுப்புக்குள் சுஜிதனின் தொலைபேசி அடித்தது.

“அண்ணை, இண்டைக்குக் கராஜ் பூட்டு. வேற ஆளைப் பாருங்கோ” என்று சொல்லி வைத்தான்.

அடுத்தது பூநகரிப் பெடியனுடையது. “இண்டைக்கு ஏலாது அண்ணை.” அடுத்தது வினோஜாவுடையது. “மன்னிக்கோணும், இண்டைக்கு நான் வகுப்பில.” மேசை மேசையாகத் தொலைபேசி அடித்துக்கொண்டே போனது. ஆரோ பாவம், வழியில் நிற்கிறான் போல என்று நானும் பரிதாபப்பட்டேன்.

நிசாந்தினி அம்மையார் வந்து சேர்ந்தார். டிராக்டர் பெட்டியில், நெல் மூட்டைகளுக்கு மேலே, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. தலைமுடியில் வைக்கோல். மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் அவருடைய வான் நின்றுவிட்டதாம்.

“என்ன ஊர் இது மிஸ்டர் தவராசா? வழி நெடுகக் கராஜ் பலகை. சாரதி பலகையில கண்டது, ஆக்களிட்ட கேட்டது எண்டு ஒவ்வொரு இலக்கமா அடிச்சுப் பாத்தார். ஒருத்தரும் வரமாட்டினமாம்!”

வகுப்புக்குள் அடித்த தொலைபேசிகள் ஆருடையவை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவரை இருத்தி, இளநீர் கொடுத்து, வகுப்பைக் காட்டினேன். நிறைந்த கதிரைகளைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. “பரவாயில்லையே” என்று தலைகளை எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்திருந்தால் இந்தக் கடிதம் இதோடு முடிந்திருக்கும்.

யன்னலில் வடிவம்மா அக்காவின் முகம் தெரிந்தது. அவர் வவுனிக்குளத்து நீரில் வயல் செய்கிறவர்.

“டேய் சுஜிதன்! இஞ்சையே ஒளிச்சிருக்கிறாய்? கராஜைத் தட்டித் தட்டிக் கை நோகுது. வெட்டு மெசின் வயலுக்க நிண்டிட்டு. வானம் கறுக்குதடா, என்ர நெல்லு முழுக்க நனையப்போகுது!”

“இவர் ஆர்?” என்று சுஜிதனைக் காட்டி அம்மையார் கேட்டார்.

“எங்கட கராஜ்காரன், பிள்ளை. நீங்கள் ஆர்?” என்றார் வடிவம்மா அக்கா.

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வேலியோடு நின்றார்கள். சுஜிதன் எழும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழும்பினால் வகுப்புப் போச்சு, எழும்பாவிட்டால் அந்த மனுசியின் ஒரு போகம் போச்சு. மாஸ்ரர் நிலத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வடக்குப் பக்கம் மையாகக் கிடந்தது.

“போ ராசா. போங்கோ எல்லாரும்” என்றேன். எனக்கு அழுகை வந்தது.

நான் சொல்லி வாய் மூடமுன் வகுப்பு வெறிதாகிவிட்டது. சாவிகளையும் சுத்தியல்களையும் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். வினோஜா மட்டும் வாசலில் நின்று, “மிஸ், உங்கட வான் எந்த இடத்தில நிக்குது?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெறும் கதிரைகளுக்கு நடுவில் அம்மையாரும் நானும் மாஸ்ரரும். இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கதிரைகளை ஒருதரம் எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அப்ப, விலகின எல்லாருக்கும் தொழில் இருக்கு?”

“ஓம் மிஸ்.”

“கணினி வகுப்பை முடிச்சவைக்கு?”

“அவை அந்த அறையிலதான் இருக்கினம் மிஸ். குளிர்மையா இருக்குதாம்.”

சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கினார், முடியவில்லை. சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த வைக்கோல் விழுந்தது. பிறகு அதிகாரியாகவே பேசினார். தலை எண்ணும் விதியைத் தன்னால் மாற்ற முடியாதாம். ஆனால் ஏற்கெனவே தொழில் செய்கிறவர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்க வழி இருக்கிறதாம். “அதில சித்தியடைஞ்சா, பயிற்சி முடிச்ச ஆக்களாத்தான் கணக்கு” என்றார்.

பரீட்சகர்கள் வந்தார்கள், ஒவ்வொரு கராஜாகப் போனார்கள், எல்லோரும் சித்தி. வடிவம்மா அக்காவின் நெல் நனையாமல் வீடு வந்தது. அம்மையாரின் வான் அன்று மாலையே ஓடியது. மோட்டார் வகுப்பு மூடப்படவில்லை என்று போன கிழமை கடிதமும் வந்தது. முழு வளர்ச்சி கண்ட வகுப்பு என்று அதில் எழுதியிருக்கிறார்கள், நான் அதை விமலேஸ்வரிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

ஆகவே அத்தான், யோசிக்காமல் நிருஷனை அனுப்புங்கள். சித்திரைப் புத்தாண்டு கழிய அடுத்த வகுப்பு தொடங்குகிறது. முத்துலிங்கம் மாஸ்ரர் இருக்கும் மட்டும் இந்த வகுப்பை ஒருவராலும் அசைக்க முடியாது. பிள்ளை ஒரு வருடமும் ஒழுங்காக இருந்து படிப்பான், அதற்கு நான் பொறுப்பு.

தங்கள் முழங்காலுக்கும் அக்காவின் கோபத்துக்கும் அம்மாள் நல்ல சுகம் தரட்டும். மருமகனுக்கு என் ஆசிகள். வருகிறபோது வவுனியாவில் நல்ல மோட்டார் சைக்கிள் பிளக் ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்,
சி. தவராசா

பிற்குறிப்பு: கடிதத்தை உறையில் வைத்து ஒட்டப்போகும் நேரம் முத்துலிங்கம் மாஸ்ரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். “குறை நினைக்காதேங்கோ சேர். பெடியள் சான்றிதழைக் காட்டி வங்கியில கடன் எடுத்து, எல்லாருமாச் சேந்து பெரிய கராஜ் போடுறாங்கள். என்னைத் தலைமை மெக்கானிக்கா வரட்டாம். நானும் ஓமெண்டிட்டன்” என்கிறார். இந்த வருடத்தின் முதல் இடைவிலகல் மாஸ்ரர்தான். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நிருஷனை நிலையத்துக்கு அனுப்பவேண்டாம், நேரே கராஜுக்கு அனுப்புங்கள். மாஸ்ரரிடம் சொல்லிவிட்டேன். பெயரை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன். மதிப்பாய்வு நாளில் வந்து ஒரு கதிரையில் இருந்தால் போதும்.