ரைட் மாமா நிரப்பிய மினி பஸ்

மற்றவர்களுக்கு மானம் கப்பலேறும். என்னுடையது மட்டும் எப்போதும் பஸ் ஏறித்தான் போயிருக்கிறது. ஏற்றிவிட்டவர் எங்கள் எதிர் ஃப்ளாட் ரைட் மாமா. ஒரே மனுஷரால் இத்தனை தடவை தலை குனிந்தவள் இந்தச் சென்னையில் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் அழலாம்.

அவர் கண்டக்டர் இல்லை. டிரைவரும் இல்லை. ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். மாமி காலமாகிவிட்டார், மகள் வெளிநாட்டில். மாமாவுக்கு மிச்சம் இருந்த ஒரே சொந்தம் பஸ். காலை டிபன் முடிந்ததும் பனகல் பார்க் ஸ்டாப்பிங்குக்குக் கிளம்பிவிடுவார். பஸ் ஏறுவதற்கு அல்ல, ஊரையெல்லாம் ஏற்றிவிடுவதற்கு.

"ஏம்மா, நீ எங்க போகணும்? அடையாறா? அப்பறம் இதுல ஏன் ஏர்றே? எறங்கு, எறங்கு! சார், படியில நிக்காதீங்கோ, உள்ள போங்கோ. நடுவுல ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்ளோ எடம் கெடக்கு!"

எல்லோரையும் அடைத்து முடித்ததும் பஸ்ஸின் விலாவில் இரண்டு தட்டு தட்டி, "போலாம்... ரைட்!" என்று ஒரு குரல் கொடுப்பார். டிரைவர் இவரை யாரோ செக்கிங் ஆபீசர் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுவார். உள்ளேயிருந்து நிஜக் கண்டக்டர் அலறுவார்.

"யோவ் பெருசு! நீ இன்னா என் வேலைய பாத்துகினு கீற?"

"நீ டிக்கெட்டைக் குடுப்பா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

காய்கறிப் பையோடு அதே ஸ்டாப்பிங்கில் நிற்கும் நான், செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். விடுவாரா? "இவ எங்க எதிராத்துப் பொண்ணு, பத்திரிகையில எழுதறா!" என்று மொத்தக் கூட்டத்துக்கும் அறிமுகப்படுத்திவிடுவார். பூமி பிளந்தால் தேவலை என்றிருக்கும்.

இந்தப் பழக்கம் பஸ்ஸோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. லிஃப்ட் கதவைத் தட்டி ரைட் கொடுப்பார். மாப்பிள்ளை அழைப்புக் காருக்கு ரைட் கொடுப்பார். ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். ஊர்தி கிளம்பத் தயாராக நிற்கிறது, பெண்கள் அழுகிறார்கள். மூத்த மகன் தீச்சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டிருக்கிறார். மாமாவின் கை பாழாய்ப்போன கை! டப் டப் என்று வண்டியைத் தட்டி, "போலாம்... ரைட்!" டிரைவர் பாட்டுக்கு எடுத்துவிட்டார். தீச்சட்டியோடு மகன் உஸ்மான் ரோடு திருப்பம் வரை ஓடினார். அழுதுகொண்டிருந்த வீட்டில் பாதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமாவின் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அந்த வீட்டார் என்னோடும் ரொம்ப நாள் பேசவில்லை.

இப்படிப்பட்டவரின் காதில்தான் அந்த மினி பஸ் விஷயம் விழுந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் சமையல் தேவகியக்காதான். செங்கல்பட்டுக்கு அப்பால், ஏரியை ஒட்டி ஒரு சின்ன கிராமம். இருட்டிலேயே கிளம்பி, ஏரிக்கரை மேலேயே நடந்து கூட்ரோடு வந்து, பஸ் பிடித்து, ரயில் பிடித்து, மாம்பலத்தில் இறங்கி வருவார். அந்த ஊருக்கு அப்போதுதான் முதல்முதலாக ஒரு மினி பஸ் விட்டிருந்தார்கள். அதுவும் சோதனை ஓட்டம். ஆள் ஏறினால் தொடரும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். ஊர்க்காரர்களோ ஏறவில்லை. இன்றைக்கு வருகிறது, நாளைக்கு வருமா என்று யாருக்குத் தெரியும்? நம்பி நின்று, வராமல் போனால் அன்றைய வேலை போச்சு. அதனால் பழையபடி நடந்துகொண்டிருந்தார்கள். பஸ் காலியாக வந்து காலியாகப் போனது.

ஒருநாள் என் வீட்டு அடுப்படியில் தேவகியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செவ்வாக்கெழம ஆபீசரு வந்து பாக்கப்போறாராம் மேடம். அன்னிக்கும் காலியா இருந்துச்சுன்னா எடுத்துடுவாங்களாம். எம் பொண்ணு பிரியா இப்பதான் டவுன்ல பதினொண்ணாவது சேந்துகீது. ஏரிக்கரைல பொம்பளப் புள்ளய நடக்க வுடமாட்டேன்னு அவங்கப்பா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. பஸ்சு இல்லன்னா அது படிப்பு அவ்ளோதான்."

எதிர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "எந்த பஸ்ஸு? யார் எடுக்கறா? நான் இருக்கச்சே எடுத்துடுவாளா?"

அன்று சாயங்காலமே மாமா ஃப்ளாட் ஆட்களை மொட்டை மாடியில் கூட்டினார். செவ்வாய்க்கிழமை எல்லோரும் செங்கல்பட்டு போய் அந்த மினி பஸ்ஸில் ஏறி, அதை நிரப்பி, ஆபீசர் கண்ணில் காட்டவேண்டும். இதுதான் திட்டம்.

அசோசியேஷன் செகரட்டரி கையைத் தூக்கினார். "சார், அவங்க ஊர் பஸ்ஸுக்கும் நம்ம ஃப்ளாட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"நம்மாத்து சாம்பார் அந்த ரோட்டுலேர்ந்துதான் ஓய் வரது!"

செகரட்டரி கையை இறக்கிவிட்டார். "தேவகிகிட்ட மூச்சு விடப்படாது. நேர்ல பாத்து அசந்து போகணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

செவ்வாய்க்கிழமை விடிகாலை, முதல் ரயிலிலேயே கிளம்பினோம். சமூக சேவை என்று பெயர், பார்த்தால் பிக்னிக். புளியோதரை, தயிர்சாதம், ஃப்ளாஸ்கில் காப்பி, ஒரு மாமிக்கு முதுகுக்குத் தலையணை. செங்கல்பட்டு ஸ்டாண்டில் மினி பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப், துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு, புளியோதரை டப்பா என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு இடம் பிடித்தோம். தி.நகர்க்காரர்களுக்கு இதையா சொல்லித்தரவேண்டும்? நிற்கக்கூட இடமில்லாமல் நிரப்பிவிட்டோம். மாமா படியில் தொங்கிக்கொண்டு, சொர்க்கத்தைப் பார்த்தவர் மாதிரி வந்தார்.

வண்டி கிராமத்துக்குப் போய்த் திரும்பி நின்றது. யாரும் இறங்கவில்லை. "எறங்கினேள்னா எடம் போயிடும், ஜாக்கிரதை!" என்று மாமாவே உத்தரவு போட்டிருந்தார்.

வெளியே பார்த்தால் மொத்த ஊரும் நிற்கிறது.

அந்த ஒருநாள் மட்டுமாவது எல்லோரும் பஸ்ஸுக்கு வாருங்கள் என்று தேவகியக்கா வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் வருவது அவருக்குத் தெரியாது. கீரைக்கட்டோடு பெண்கள், பால் கேனோடு ஒருவர், யூனிஃபார்மில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முன்னால் பிரியா, இரட்டைப் பின்னலில் புது ரிப்பன்.

"யாருய்யா நீங்கள்லாம்? எறங்காம குந்திகினு கீறீங்க?" என்று கீரைக்கார அம்மா கேட்டார்.

"ரிட்டர்ன்மா, ரிட்டர்ன்!" என்றார் செகரட்டரி, புளியோதரை வாயோடு.

"எடம் இல்ல, எடம் இல்ல. தள்ளிக்கோம்மா" என்றார் கண்டக்டர்.

மாமா இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பிதுங்கி வழியும் ஒரு மினி பஸ். அந்தப் பூரிப்பில் கை தானாகப் போய் இரண்டு தட்டுத் தட்டியது.

"போலாம்... ரைட்!"

வண்டி கிளம்பிவிட்டது. கடைசி சீட்டில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். பிரியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேவகியக்கா புழுதியில் ஓடிவருகிறார்.

"ஐயோ மாமா! தேவகியக்கா! பிரியா ஏறலை!"

மாமா எட்டிப் பார்த்தார். அவரால் நான் வெட்கப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல. அவர் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினார், அது அவர் குரல் மாதிரியே இல்லை. ஏரிக்கரையில் வண்டி நின்றது.

"எல்லாரும் எறங்குங்கோ."

"சார், நாங்க டிக்கெட் வாங்கியிருக்கோம்" என்றார் செகரட்டரி.

"அவா எடத்தையும் சேத்து வாங்கிட்டோமே ஓய். எறங்குங்கோ. தயவுபண்ணி எறங்குங்கோ."

தலையணையோடு, டப்பாக்களோடு இறங்கினோம். பின்னால் ஓடிவந்த ஊர் ஜனங்கள் மூச்சிரைக்க ஏறிக்கொண்டார்கள். எங்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தேவகியக்கா மட்டும் படியில் ஒரு நொடி நின்று மாமாவைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மாமா ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பஸ் போய்விட்டது.

நாங்கள் நடந்தோம். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள், காலடியில் உடைந்த பாட்டில். கரைக்குக் கீழே காலையிலேயே குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு கும்பல் எங்களை மேலும் கீழும் பார்த்தது. இத்தனை பேர் சேர்ந்து வந்தும் நான் கூட்டத்துக்கு நடுவில் புகுந்துகொண்டேன். எங்கள் ஃப்ளாட்டில் தேவகியக்காவை "ஏன் லேட்டு?" என்று கேட்காத வீடு கிடையாது. அன்று எல்லோருக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் நடந்தோம். முதுகுத் தலையணை மாமி மட்டும் மெதுவாக, "அடப் பாவமே, தேவகி இந்த வழியாவா தெனம் வரா?" என்றார்.

கூட்ரோட்டில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு ஆபீசர் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம்.

"பஸ் ஃபுல்லா போச்சு. நீங்க எல்லாம் இடம் கிடைக்காம நடந்து வர்றீங்களா?"

செகரட்டரிக்கு முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "ஆமா சார்! கூட்டம் தாங்கலை சார்! இன்னொரு பஸ்ஸே விடலாம் சார்!"

சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு ரயிலேறியிருந்தால் காரியமும் நடந்திருக்கும். மாமா அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் போய்க் கையைக் கூப்பினார்.

"எங்களைச் சேத்துக்காதீங்கோ சார். நாங்க தி.நகர். கூட்டம் காட்ட வந்தோம். அவாளுக்கு ஒத்தாசை பண்றேன்னு வந்துட்டு அவா எடத்துலயே உக்காந்துண்டு, கொழந்தைகளை ரோட்டுல விட்டுட்டு வந்தேன் சார். இப்ப அதுல போனாளே, அவா மட்டும்தான் நெஜம். இந்தக் கெழவன் பண்ணினதுக்கு அந்த பஸ்ஸை எடுத்துடாதீங்கோ."

நடுரோட்டில் கண் கலங்கி நின்றார். ஆபீசர் எங்கள் தலையணையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "வெயில்ல நிக்காதீங்க சார், போய்த் தண்ணி குடிங்க" என்றார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் தேவகியக்கா வரவில்லை. "வரமாட்டாம்மா. எந்த மூஞ்சியோட நான் அவ சமைச்சதைச் சாப்படறது?" என்று மாமா பட்டினி கிடந்தார். நான் கொடுத்த உப்புமாவும் அப்படியே இருந்தது. ஸ்டாப்பிங்குக்குப் போகவில்லை.

அதற்கடுத்த நாள் காலை, நான் மாமா வீட்டில் இருந்தபோது தேவகியக்கா வந்தார். குரல் கேட்டதும் மாமா பால்கனிக்கு ஓடி, கொடியில் தொங்கிய வேட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார். காப்பி டம்ளரோடு போன தேவகியக்கா வேட்டியைப் பார்த்துத்தான் பேசினார்.

"பஸ்ஸ எடுக்கலயாம் சார். தெனம் வருமாம். ஸ்கூல் டயத்துக்கே வுடறாங்களாம். இன்னிக்கு பிரியா உக்காந்துகினு போச்சு சார்."

டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வேட்டி அசைந்துகொண்டே இருந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து மாமா வெளியே வந்தபோது இரண்டு கண்ணும் கோவைப்பழம்.

"சோப்புத் தண்ணி கண்ணுல சொட்டிடுத்தும்மா" என்றார்.

முந்தின நாளே மொடமொடவென்று காய்ந்துவிட்ட வேட்டி அது.

"ஆமா மாமா, அந்த சோப்பே அப்படித்தான்" என்றேன்.