அக்காவின் புகாரும் என் மூன்று பிள்ளைகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வீக்கமும் கோபமும் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் மனசாட்சியைத் தவிர.

போன வாரம் மருத்துவமனையில் வரவேற்புப் பெண்ணை நீ வெளுத்து வாங்கியபோது, உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் சுவரையே பார்த்திருந்தேனே, சுவர் அழகாக இருந்ததால் அல்ல. அவர்களுடைய செயலி எங்கள் அலுவலகத்தில் செய்தது. குறித்த நாளில் வருவீர்களா என்று அது நோயாளியைக் கேட்கும். நோயாளியின் பதில் 'வருகிறேன்', 'வரவில்லை', 'வேறு நாள் வேண்டும்' என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கணினிகள் பரிமாறும் தகவலின் வடிவத்தை எழுதி வைக்க நாங்கள் பயன்படுத்தும் மொழியில் 'மூன்றில் ஒன்று' என்று சொல்ல வழி கிடையாது. நான்தான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே, 'பதில்' என்று ஒரு தாய் வகுப்பை, அதாவது பொது அச்சு ஒன்றை, எழுதி, மூன்றையும் அதற்குப் பிள்ளைகளாக்கினேன். பெயரும் தேதியும் தாயிடம். என்ன பதில் என்பது பிள்ளையிடம். அலுவலகக் கூட்டத்தில் கைதட்டினார்கள். மருத்துவமனையின் பழைய நிரலுக்கோ தாயை மட்டும்தான் தெரியும். எந்தப் பிள்ளை போனாலும் பெயரையும் தேதியையும் வாங்கிக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிட்டது. பதில் வந்துவிட்டதா, அப்படியானால் ஆளும் வருவார் என்று அதுவே முடிவு கட்டிவிட்டது. நீ மூன்று முறை வேறு நாள் கேட்டாய். மூன்று முறையும் 'சொல்லிவிட்டு வராதவர்' என்று பதிந்து, உன்னை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

"மேடம், நீங்க பதில் அனுப்பியிருக்கீங்கன்னு மட்டும்தான் இதுல காட்டுது."

"பதில்னா என்ன பதில்மா? அதைச் சொல்லு மொதல்ல!"

நான்கு மாதமாக எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி, அக்கா. நீ கேட்டாய், அந்தப் பெண் அழுதாள், நான் வாயைத் திறக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் செயலியிலேயே அவள் பெயரைப் போட்டுப் புகார் அனுப்பினாய். "இவளை வேலையை விட்டுத் தூக்கினாத்தான்டி என் கால்வலி தீரும்"னு வேற சொன்னே. தப்பு என்னோடது அக்கா. அவ பாவம், திரையில இருந்ததைத்தானே படிச்சா? அந்தத் தாய்பிள்ளை உறவையெல்லாம் கலைத்துவிட்டேன். இப்போது ஒரே பதில், மூன்றில் எது என்று குறிக்க அதற்குள்ளேயே ஒரு கட்டம். புகாரை மட்டும் திரும்பப் பெற்றுவிடு. திட்டுவதென்றால் என்னைத் திட்டு, ஆசை தீர.

அத்தானுக்கு என் வணக்கம். மாடிப்படி ஏறாதே.

உன் வாயில்லாத் தங்கை

பின்குறிப்பு: புகாரைத் தொடாதே! இப்போதுதான் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அதே செயலியில் நீ புகார் எழுதிய கருத்துப் படிவத்தைச் செய்த என் சக ஊழியர், எனக்குக் கிடைத்த கைதட்டலைப் பார்த்து, 'கருத்து' என்று ஒரு தாயையும் 'புகார்', 'பாராட்டு' என்று இரண்டு பிள்ளைகளையும் வைத்திருக்கிறார். அங்கே போய்ச் சேர்ந்தது உன் பெயர், அவள் பெயர், 'கருத்து வந்துள்ளது', அவ்வளவுதான். மேலாளர் நல்ல மனிதர். மெனக்கெட்டு ஒருவர் பெயரைச் சொல்லி எழுதினால் அது பாராட்டாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அவள் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். கீழே உன் பெயரும் இருக்கிறதாம். அந்தப் படிவத்தை நான்தான் திருத்த வேண்டும். இன்னும் மனசு வரவில்லை.