அடி அண்ணாமலையில் கப்பல் சக்கரமே முன்னிலை

அடி அண்ணாமலை,
20.10.2003.

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அப்பா தருமன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நானும் ஊரும் மலையும் நலம். உன் அம்மா பாஞ்சாலையின் முழங்கால் மட்டும் நலமில்லை. அதைப் பின்னால் எழுதுகிறேன். நீ குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

முதலில் உன் பழைய கம்பெனி விஷயம். இன்டர்நெட் பார்க்க நீங்கள் செய்த சாப்ட்வேர் தோற்றுவிட்டது, உன்னையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு வருஷம் ராப்பகலாக உழைத்தாயே! ஆனால் ஒன்று சொல்கிறேன், இது யோக்கியமான தேர்தலே இல்லை. திரையில் உங்கள் சின்னம் கப்பல் சக்கரம், எதிராளியின் சின்னம் நீல ‘e’ எழுத்து. கம்ப்யூட்டர் வாங்குகிறவனுக்கெல்லாம் அவன் தன் சின்னத்தை உள்ளேயே வைத்து இலவசமாகக் கொடுத்தான். வீட்டுக்கு வீடு சேலை கொடுத்தவன் ஜெயிப்பது எந்த ஊரில் அதிசயம்? கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தே தலை நரைத்தவன் நான். முன்னால் கிளம்பிய வேன் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டால், பின்னால் வருவது எவ்வளவு நல்ல பஸ்ஸாக இருந்து என்ன பயன்?

ஆனால் நம் தொகுதியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தேரடி வீதியில் மாடி மேல் நெட் சென்டர் வைத்திருக்கும் மூர்த்தியிடம் இன்றும் தினம் போகிறேன். உட்கார்ந்ததும் கப்பல் சக்கரத்தைத்தான் அமுக்குகிறேன். அது திறப்பதற்குள் கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், குடித்துவிட்டும் வருகிறேன். பரீட்சை ரிசல்ட் பார்க்க வரும் பிள்ளைகளிடம், "தம்பி, இது எங்க பையன் செஞ்சது. இதுல பாரு, மார்க் ஜாஸ்தி வரும்" என்கிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம் வாசலில் கிரிவலம் போகிறவர்களுக்கு நீர்மோர் கொடுக்கும்போதும் பிரசாரம்தான். "சாமி, நெட்டுனு போனா கப்பல் சக்கரம், மறந்துடாதீங்க" என்று ஒரு சாமியாரிடம் சொன்னேன். மோரைக் குடித்துவிட்டு, "வாக்காளர் பட்டியல்ல என் பேர் இல்லையேப்பா" என்று போய்விட்டார். போகட்டும், ஓர் ஓட்டுத்தானே! போன வாரம்கூட மூர்த்தி, "உங்க பையன் சின்னம்தான் ஐயா இங்க லீடிங்" என்றான்.

அடுத்து உன் புது வேலை. நின்றபடியே ஓட்டும் இரண்டு சக்கர வண்டியின் போட்டோ வந்து சேர்ந்தது. முன்னால் சாய்ந்தால் போகுமாம், பின்னால் சாய்ந்தால் நிற்குமாம், ஆளைத் தள்ளாதாம். இனி உலகத்தில் யாருமே நடக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். காரணம் உன் அம்மாவின் முழங்கால். மலையைச் சுற்றாத பௌர்ணமி என்று அவள் வாழ்க்கையில் ஒன்று இருந்ததில்லை. இப்போது வாசலில் நாற்காலி போட்டு, போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகத்தைப் பார்ப்பதே கிடையாது. எத்தனை கால்கள் போகின்றன தெரியுமா? தொண்ணூறு வயசுக் கால்கூடப் போகிறது. அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதாவது அவளுக்கு.

அதனால் எனக்குச் சில சந்தேகங்கள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் பதினாலு கிலோமீட்டர் தாங்குமா? வெறுங்காலோடு ஏறலாமா? பாதத்தில் கட்டுப் போட்டிருந்தால் அதிருமா? வண்டியில் சுற்றினால் கிரிவலம் ஆகுமா என்று நம் வாசல் வழியாகப் போன குருக்களை நிறுத்திக் கேட்டேன். நடந்துதான் சுற்றவேண்டும் என்றார். "தீபம் முடிஞ்சு சாமியே மலை சுத்த வரும்போது வாகனத்துலதானே வர்றாரு?" என்று மடக்கினேன். அவர் சிரித்துவிட்டு, "சாமியைத் தூக்கத் தோள் இருக்கு. உங்க வீட்ல யாருங்க இருக்கா?" என்றார். அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை.

ஆகையால் நீ வரவேண்டாம். புது இடத்தில் லீவு கேட்டால் மரியாதை இருக்காது. தீபத்துக்கு முன்னால் அந்த வண்டியை மட்டும் எப்படியாவது அனுப்பு. அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன்.

மலையைச் சுற்றி வரும் காற்று கடல் தாண்டி வந்து உன்னைக் காக்கட்டும். உன்னைத் தோற்றவன் என்று எவனாவது சொன்னால், அடி அண்ணாமலைக்கு வந்து விசாரிக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
தருமன், டைம் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு: அறிவு, அம்மா எழுதறேன். கவரை ஒட்டச் சோத்துப் பருக்கை எடுக்கப் போனவ, படிச்சிட்டேன். பேருதான் தருமன். பாரதக் கூத்துல தருமராசா ஒரே ஒரு பொய்தான் சொன்னாரு, இவரு கடுதாசி முழுக்க சொல்லியிருக்காரு. என் முழங்காலுக்கு ஒண்ணுமில்ல. போன பௌர்ணமிக்குக்கூட சுத்திட்டு வந்தேன். கால் அவருக்குதான்டா. சக்கரை ஜாஸ்தியாயி, புண்ணு ஆறாம, ஆடி மாசம் வேலூர்ல வலது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. உனக்கு வேலை போன நேரம், சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கிட்டாரு. வாசல்ல உக்காந்து கால் பாக்கறது அவருதான். மாடி ஏறி நெட் சென்டர் போறதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சி. மூர்த்திதான் அவரைப் பாக்க வந்தான். "யாருமே தொடறதில்லக்கா, அந்தச் சக்கரத்தை எடுத்துட்டேன்"னு எங்கிட்ட மெதுவா சொல்லிட்டு, அவருகிட்ட போயி "லீடிங் ஐயா"ன்னான். அவருக்கு இன்னும் தெரியாது, நீயும் சொல்லிடாத.

மெஷின் எல்லாம் வேணாம்பா. ஒரு பக்கம் நான் தாங்கிக்கறேன். இன்னொரு பக்கத்துக்கு நீ வா.