ஏகமனதாக ஒப்புதல் பெற்ற கறுப்புப் படம்

ஒரு கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்கிறது என்றால், அதை இன்னும் யாரும் மேம்படுத்தவில்லை என்று பொருள். குடிநீர் வழங்கல் துறையின் செய்திப்படப் பிரிவில் இருந்த கம்ப்யூட்டர் நாலு வருஷமாக இந்தக் குறையோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் குறை நீக்கப்பட்டது.

பிரிவு என்று பேர்தான் பெரிது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பூட்டினால் திறக்காத பீரோ, படத்தொகுப்பாளர் ஒருத்தி. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெட்டிக்கொண்டே இருப்பதால் துறையில் எல்லோருக்கும் அவள் 'கத்திரி'; சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. துறையின் பொன்விழாவுக்காக இருபத்திரண்டு நிமிடப் படம் ஒன்றை அவள் ஐந்து மாதமாகத் தொகுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை, அமைச்சர் முன்னிலையில், ஊர்ப் பெரிய மண்டபத்தில் திரையிட வேண்டும்.

ஐந்து மாதம் ஆனதற்குக் காரணம் கத்திரி அல்ல, ஆட்சேபணைகள். ஒன்பது முறை மேலதிகாரிகள் படத்தைப் பார்த்தார்கள், ஒன்பது முறையும் திருப்பி அனுப்பினார்கள். இணை இயக்குநருக்குத் தன் தலை விளக்கு வெளிச்சத்தில் பளபளப்பது பிடிக்கவில்லை. தலைமைப் பொறியாளர், இணை இயக்குநரைவிடத் தான் நாலு செகண்ட் குறைவாக வருவதை விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்தார். ஒரு காட்சியில் குழாய் சொட்டியது. "நம்ம துறைப் படத்துல குழாய் ஒழுகலாமா?" என்றார்கள். ஒழுகாத குழாயைப் போட்டாள். "தண்ணியே வரலைன்னு சொல்ல வர்றியா?" என்றார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவள் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வந்தது ஒரு பதினோரு செகண்ட். வெள்ளம் வந்த வருஷம், பம்ப் ஹவுஸில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூன்று நாள் கையாலேயே வால்வைத் திருகி ஊருக்குக் குடிநீர் கொடுத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் வால்வு திருகும் காட்சி அது. ஒவ்வொரு முறையும், "இவர் யாரு? எந்த கிரேடு?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவள், "எடுத்தா பின்னணி இசை அறுந்துடும் சார்" என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தாள்.

இந்த நிலையில்தான் திங்கட்கிழமை வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும், 'உங்களுக்காக எல்லாவற்றையும் சிறப்பாக்கிக்கொண்டிருக்கிறோம், சற்றுப் பொறுங்கள்' என்றது. அவள் இரண்டு மணி நேரம் பொறுத்தாள். எல்லாம் சிறப்பான பிறகு தொகுப்பு மென்பொருளைத் திறந்தாள். துண்டுக் காட்சிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. சத்தம் கணீரென்று கேட்டது. படம் தெரிய வேண்டிய கட்டம் மட்டும் அடுப்புக்கரியாக இருந்தது.

கோளாறு என்னவென்று அவளுக்கு அரை மணியில் பிடிபட்டது. மேம்படுத்தும்போது திரைக்குப் படம் வரைந்து தரும் கார்டை இயக்கும் டிரைவர் நிரல் மாறிவிட்டது. அந்தப் புது டிரைவரும் பழைய மென்பொருளும் பங்காளிகள் மாதிரி முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அமைப்புகளுக்குள் போய், 'கார்டைப் பயன்படுத்து' என்ற இடத்தில் இருக்கும் ஒரு டிக்கை எடுத்தால் போதும். அவள் எடுக்கப் போனாள். 'இதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவை' என்று வந்தது.

நிர்வாகி மூன்றாவது மாடியில் இருந்தார். தொழில்நுட்பப் பிரிவின் தலைவர். எந்த நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருந்ததால் அவருக்கு 'ரீஸ்டார்ட் சார்' என்று பேர்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"விதிப்படி அஞ்சு."

அவள் கீழே போய் இன்னும் இரண்டு முறை செய்துவிட்டு ஏறி வந்தாள். "இப்பவும் படம் தெரியல சார். ஒரே ஒரு டிக்கை எடுக்கணும். நீங்க பாஸ்வேர்டு மட்டும் போட்டாப் போதும்."

"நோய் என்னன்னு தெரியாம மருந்து குடுக்கச் சொல்றீங்களா? புகார் எழுதுங்க. ஆதாரத்துக்கு அந்தக் கட்டத்தை மட்டும் படம் பிடிச்சு இணைங்க."

எழுதினாள், இணைத்தாள். ரீஸ்டார்ட் சார் அந்தத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தாள் முழுக்க ஒரே கறுப்பு.

"இதுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

"ஒண்ணும் தெரியாத படத்தை எப்படிம்மா ஆதாரமா ஏத்துக்கறது?"

"ஒண்ணும் தெரியலங்கறதுதான் சார் புகாரே."

"அது இதுல தெளிவாத் தெரியலையே!"

கடைசியில் அவர் இரக்கப்பட்டுப் புகாரைப் பதிவு செய்தார். பதிவானதும் ஒரு மஞ்சள் தாளைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டினார். 'விசாரணையில் உள்ளது. புகார் முடியும்வரை எவரும் சரிசெய்யக் கூடாது.'

புதன்கிழமை பம்ப் ஹவுஸ்காரர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கையில் அழைப்பிதழ், முகத்தில் கல்யாணக் களை.

"கத்திரியம்மா, வெள்ளிக்கிழமை எங்க வீட்டுலேர்ந்து பதினாலு பேர் வர்றோம். சம்பந்தி வீடும் சேர்த்து."

"சம்பந்தியுமா ஐயா?"

"அவருக்காகத்தாம்மா இவ்வளவும். பம்ப் ஹவுஸ்னா மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்குற வேலைன்னு நினைச்சுட்டிருக்கார். எல்லார் முன்னாடியும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். பொண்ணு குடுத்த இடம், பதில் பேச முடியுமா? படம் பேசட்டும்னு விட்டுட்டேன். நான் வர்றேன்தானே?"

அவள் மஞ்சள் தாளைப் பார்த்தாள். "வர்றீங்க ஐயா," என்றாள்.

வியாழக்கிழமை காலை ஐவர் குழு கூடியது. இணை இயக்குநர் தலைவர், தலைமைப் பொறியாளர் உறுப்பினர். கணக்குக்கு இரண்டு பேர், அவர்கள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஐந்தாமவர் மக்கள் தொடர்பு ஆலோசகர். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். கத்திரி படத்தை ஓட்டினாள். ஐந்து பேரும் இருபத்திரண்டு நிமிடம் கறுப்புக் கட்டத்தை உற்றுப் பார்த்தார்கள். தண்ணீர் ஓடும் சத்தம், வாழ்த்துரை, வால்வு கிறீச்சிடும் சத்தம், கைதட்டல் என்று ஒவ்வொன்றாக வந்து போனது.

முடிந்ததும் இணை இயக்குநர் தொண்டையைச் செருமினார். "என் தலை எப்படித் தெரியுது?"

"தெரியல சார்."

"பளபளன்னு?"

"எப்படியுமே தெரியல சார்."

அவர் முகத்தில் ஐந்து மாதமாகக் காணாத ஒரு நிம்மதி பரவியது.

"இவர் எத்தனை செகண்ட் வர்றார்?" என்று தலைமைப் பொறியாளர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"சைபர் சார்."

"நான்?"

"நீங்களும் சைபர்தான்."

"அப்ப சமம். எனக்கு ஆட்சேபணை இல்ல."

"குழாய்?" என்றார் இணை இயக்குநர்.

"ஒழுகறதும் தெரியல, ஒழுகாததும் தெரியல."

ஆலோசகர் எழுந்து நின்றார். "இப்ப உலகம் முழுக்க இதுதான் சார் ட்ரெண்ட். நாம எதையும் காட்டக்கூடாது. பார்க்கிறவங்களே மனசுக்குள்ள ஓட்டிக்கணும். போன மாசம் ஒரு கருத்தரங்குல ஒருத்தர் ஒரு மணி நேரம் வெறும் சுவரைக் காட்டினார். அழுதுட்டேன்."

"சார், இது கோளாறு சார்," என்றாள் கத்திரி. "ஒரு டிக்கை எடுத்தா..."

"ஒன்பது தடவை நீங்க நல்லா எடுத்த படத்துல எண்பது ஆட்சேபணை," என்றார் இணை இயக்குநர். "கோளாறான படத்துல ஒண்ணு கூட இல்ல. எது கோளாறுன்னு நீங்களே சொல்லுங்க."

'இப்படத்தில் ஆட்சேபிக்கத்தக்க காட்சி எதுவும் தென்படவில்லை' என்று எழுதி ஐந்து பேரும் ஏகமனதாகக் கையெழுத்திட்டார்கள். துறையின் ஐம்பதாண்டு வரலாற்றில் அவர்கள் ஏகமனதாகச் செய்த முதல் காரியம் அது.

ஒப்புதல் வந்ததால் புகாருக்கு அவசியமில்லாமல் போனது. 'குறை இல்லை' என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டு, ரீஸ்டார்ட் சார் மஞ்சள் தாளைக் கிழிக்க வந்தார்.

"சார், புகார்தான் முடிஞ்சுபோச்சே. இப்பவாவது அந்த டிக்கை எடுக்கலாமா?"

"தாராளமா. குறை இருந்தாத்தான் தொடக்கூடாது. குறை இல்லாத மெஷின்ல யார் வேணா கை வைக்கலாம்."

கடவுச்சொல்லைத் தட்டினார். அவள் டிக்கை எடுத்தாள். நாற்பது செகண்ட் ஆனது. கட்டத்துக்குள் வெளிச்சம் வந்து, தண்ணீர் வந்து, வால்வைப் பிடித்த இரண்டு கைகள் வந்தன. கத்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. தலைதெறிக்க ஓடி இணை இயக்குநரிடம் சொன்னாள்.

"படம் வந்துடுச்சு சார்!"

"எப்படி வந்துச்சு? யார் விட்டா?" என்று அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒப்புதலுக்கு அப்புறம் ஒரு ஃப்ரேம் கூடச் சேர்க்கக்கூடாது, தெரியும்ல? செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்?"

"இருபத்தஞ்சு சார்."

அவர் துண்டுத் தாளில் பெருக்கினார். "முப்பத்து மூவாயிரம் ஃப்ரேம் திருட்டுத்தனமாச் சேர்த்திருக்கீங்க! நாளைக்குக் கறுப்புதான் ஓடணும். ஓடலேன்னா நீங்க ஓடணும்."

அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போகவில்லை. கறுப்பு ஒரு கோப்பாகவும் வெளிச்சம் ஒரு கோப்பாகவும் பென் டிரைவில் ஏற்றினாள். வெளிச்சக் கோப்பில் கடைசியாக ஒரு சின்ன வேலை பார்த்துவிட்டு மூடினாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. நாலாவது வரிசையில் பம்ப் ஹவுஸ்காரரின் பதினாலு பேர். நடுவில் மீசையை நீவியபடி சம்பந்தி. விளக்குகள் அணைந்தன. கத்திரியின் விரல் கறுப்பின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு, 'போனா வேலைதானே' என்று வெளிச்சத்தை அழுத்தியது.

திரையில் படம் தெரிந்ததும் முன்வரிசையில் ஒரு நடுக்கம் ஓடியது. இணை இயக்குநர் தலைமைப் பொறியாளரின் காதில் சொன்னார்: "கோளாறு! படம் தெரியுது! நிறுத்தச் சொல்லுங்க!" தலைமைப் பொறியாளர் ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் குனிந்தபடி ஓடி வந்து, திரையிடும் மேஜையருகே நின்ற ரீஸ்டார்ட் சாரிடம் சொன்னார்.

"எழுத்துல குடுங்க," என்றார் ரீஸ்டார்ட் சார்.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு வரி எழுதியபோது இணை இயக்குநர் திரையில் வந்தார். எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன்னைப் பார்த்துக்கொண்டார். தாள் தலைமைப் பொறியாளர் கைக்குப் போனபோது அவர் வந்தார். அவரும் பார்த்தார். அமைச்சர் திரையில் வரும்போது எழுதுவது மரியாதையாக இருக்காது என்று எல்லோரும் பார்த்தார்கள். பம்ப் ஹவுஸ்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பதினோரு செகண்டும் வால்வைத் திருகினார். நாலாவது வரிசையில் மீசை நீவிய கை அந்தரத்தில் நின்றது. கையெழுத்து முழுமையாகி ரீஸ்டார்ட் சாரிடம் தாள் வந்து சேர்ந்தபோது, படம் முடிந்து கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்துக்கொண்டிருந்தது.

அமைச்சர், "நல்லாத் தெரிஞ்சுது," என்றார். எனவே கத்திரியை வேலையை விட்டு அனுப்ப வழியில்லாமல் போனது. ஒரு விளக்கக் கடிதத்தோடு விட்டார்கள்.

திங்கட்கிழமை பம்ப் ஹவுஸ்காரர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சம்பந்தி என்ன சொன்னார் ஐயா?"

"வாயைத் திறக்கலம்மா. வீட்டுக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நீ நல்லா இருக்கணும்."

அவளுக்கு ஐந்து மாதக் களைப்பும் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அழைப்பிதழை மடித்து மடித்துப் பிரித்தார்.

"ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்கமாட்டியே?"

"சொல்லுங்க ஐயா."

"என் சட்டை கொஞ்சம் கசங்கினாப்ல தெரியுது. அப்புறம் அந்தப் பொறியாளர் இருபது செகண்ட் வர்றார், எண்ணிப் பார்த்தேன். சும்மா நிக்கிற ஆளுக்கே இருபதுன்னா..."

கத்திரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, பத்தாவது சுற்று ஆட்சேபணை என்று தலைப்புப் போட்டு அதையும் எழுதிக்கொண்டாள். அவர் திருப்தியாகக் கிளம்பி வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அதெல்லாம்கூடப் பரவாயில்லம்மா. முடியறப்ப வெறும் பேரு ஒண்ணு வந்து பதினஞ்சு செகண்ட் நகராம நின்னுச்சே, பார்த்தியா? அமைச்சர் பேருக்கே அவ்வளவு நேரம் இல்ல. யாரும்மா அந்தப் பொம்பளை? அவ்வளவு பெரிய ஆளா?"

வியாழக்கிழமை மத்தியானம் அதை மூன்று செகண்டிலிருந்து பதினைந்தாக இழுத்துவிட்டவள் கத்திரிதான். அவள் ஆட்சேபணைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டு மும்முரமாக எழுதுவதுபோல் குனிந்தாள்.

"தெரியல ஐயா," என்றாள்.